எந்த சாஃப்ட்வேரில் நல்ல சத்தம் வரும்?

எலெக்ட்ரானிக் இசையில் கை வைத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிற எவரும் முதலில் கேட்பது இந்தக் கேள்வியைத்தான். எஃப்எல் ஸ்டூடியோவா, ஏபிள்டன் லைவா, லாஜிக்கா, க்யூபேஸா, ரீப்பரா? பதில் ஆளுக்கொன்று. லாஜிக்கில் சத்தம் இதமாக இருக்கும் என்பார் ஒருவர். எஃப்எல்லில்தான் பேஸ் நெஞ்சில் இடிக்கும் என்பார் இன்னொருவர். காசு கொடுத்து வாங்கியதைக் குறை சொல்ல யாருக்கும் மனசு வராது என்பதால் இந்த வாக்குவாதம் ஓய்வதே இல்லை. ஆனால் இதை வீட்டிலேயே சோதித்துவிட முடியும். யாருடைய காதையும் நம்பத் தேவையில்லை.

ஒரு டிரம்ஸ், ஒரு பேஸ், ஒரு குரல் என்று மூன்று ஆடியோ கோப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வெவ்வேறு மென்பொருள்களில் அவற்றை ஒரே இடத்தில், ஒரே வால்யூமில் வைத்து, எஃபெக்ட் எதுவும் போடாமல் தனித்தனியே எக்ஸ்போர்ட் செய்யுங்கள். கிடைக்கும் இரண்டு கோப்புகளையும் இப்போது ஒரே ப்ராஜெக்டில் மேலும் கீழுமாக வைத்து, ஒன்றின் போலாரிட்டியை மட்டும் திருப்பிவிடுங்கள். அதாவது அலை மேலே போகும் இடத்தில் கீழே, கீழே போகும் இடத்தில் மேலே. பிளே பட்டனை அழுத்தினால் எதுவும் கேட்காது. ஒன்றின் மேட்டை மற்றதன் பள்ளம் அப்படியே விழுங்கிவிடும். மீட்டரில் ஏதாவது துடித்தாலும், காதால் உணரவே முடியாத ஆழத்தில் இருக்கும் தசமப் பிசிறாகத்தான் இருக்கும். ஒலிப்பதிவுக்காரர்கள் இதை நல் டெஸ்ட் என்பார்கள்.

காரணம் எளிது. கம்ப்யூட்டருக்குள் ஒலி என்பது வெறும் எண்வரிசை. சிடி தரத்தில் நொடிக்கு 44,100 எண்கள், இடது வலது இரண்டுக்கும் தனித்தனியாக. ஒவ்வொரு எண்ணும் 16 பிட், அதாவது 65,536 படிகளில் ஏதோ ஒன்று. மனிதக் காது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதைப் பிடிக்க நொடிக்கு அதைப்போல இரு மடங்குக்கும் மேல் மாதிரிகள், அதாவது எண்கள், வேண்டும். சரி, 40,000-க்கு மேல் என்றால் ஏன் குறிப்பாக 44,100? ஆரம்ப காலத்தில் டிஜிட்டல் ஒலியை வீடியோ நாடாவில் பதிந்தார்கள். படத்தின் ஒரு வரிக்கு 3 மாதிரி, ஒரு புலத்தில் (பாதிப் படத்தில்) பயன்படக்கூடிய 245 வரிகள், நொடிக்கு 60 புலங்கள்: பெருக்கினால் 44,100. ஐரோப்பிய முறையில் 294 வரி, 50 புலம். அதிலும் அதே எண்தான். நாடா மறைந்த பிறகும் எண் தங்கிவிட்டது.

மிக்ஸிங் என்று நாம் சொல்வது, இந்த எண்களை வால்யூமுக்கு ஏற்பப் பெருக்கி ஒன்றோடொன்று கூட்டுவது. இன்றைய மென்பொருள்கள் எல்லாமே 32 பிட் அல்லது 64 பிட் மிதவைப் புள்ளிக் கணக்கில் இதைச் செய்கின்றன. பெர்லினில் எழுதிய மென்பொருளில் கூட்டினாலும் பெல்ஜியத்தில் எழுதியதில் கூட்டினாலும் இரண்டும் இரண்டும் நான்குதான்.

அப்படியானால் வித்தியாசம் கேட்கிறது என்பவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. நடுவில் வைத்த ஒரு மோனோ ஒலி இரண்டு ஸ்பீக்கரிலிருந்தும் வருகிறது. ஓரத்துக்குத் தள்ளும்போது சத்தம் குறைந்ததுபோல் தோன்றக் கூடாது என்பதற்காகச் சில மென்பொருள்கள் நடுவில் இருக்கும்போது 3 டெசிபல் குறைத்துவிடும், சில 4.5, சில குறைப்பதே இல்லை. பேன் லா என்று பெயர். அதே கோப்பு ஒன்றில் 3 டெசிபல் கூடுதலாகக் கேட்டால், ஆற்றல் கணக்கில் அது இரு மடங்கு. சத்தம் கூடும்போது காது பேஸைத் தாராளமாகக் கேட்கும் என்பதை பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே வரைபடம் போட்டுக் காட்டிவிட்டார்கள். பேஸ் நெஞ்சில் இடித்த ரகசியம் பெரும்பாலும் இதுதான். லைவ் போன்ற மென்பொருளில் இன்னொரு சிக்கலும் உண்டு. உள்ளே இழுத்துப் போட்ட கோப்பை ப்ராஜெக்டின் டெம்போவுக்குப் பொருந்தும்படி இழுத்தோ சுருக்கியோ கொடுக்கும் வார்ப் என்ற வசதி. அது இயங்கிக்கொண்டிருந்தால் எண்களே மாறிவிடும், நல் டெஸ்டில் ஏதேதோ மிஞ்சும். இரண்டும் செட்டிங்ஸ் சமாசாரம். மென்பொருளின் குரல்வளத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஆகவே சத்தத்தை அளவுகோலாக வைத்துத் தேர்ந்தெடுப்பது வீண். வேறுபாடு இருக்கும் இடம் வேறு: ஒவ்வொரு மென்பொருளும் உங்களை ஒவ்வொரு விதமாக யோசிக்க வைக்கிறது. அந்த யோசனை, அது எந்தப் பழைய கருவியைப் பார்த்துப் பிறந்ததோ அங்கிருந்து வருகிறது.

1985-இல் வந்த அடாரி எஸ்டி கம்ப்யூட்டரில், மின்னணு வாத்தியங்களை இணைக்கும் மிடி துளைகள் கூடவே இருந்தன. 1989-இல் ஹாம்பர்க் நகரத்து ஸ்டைன்பெர்க் நிறுவனம் அதற்கென்று க்யூபேஸை வெளியிட்டது. ஸ்டூடியோவின் நாடாப் பதிவு எந்திரமே அதற்கு முன்மாதிரி: இடமிருந்து வலமாகக் காலம் ஓடும், டிராக்குகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியிருக்கும். லாஜிக், ரீப்பர், ஆர்டோர், ஐபோனில் இலவசமாகக் கிடைக்கும் கராஜ்பேண்ட் எல்லாம் இந்த வழிதான். பல்லவி, சரணம் என்று முழுப் பாட்டும் மனதில் ஓடுகிறவருக்கும், குரலையோ வயலினையோ மைக்கில் பதிய வேண்டியவருக்கும் இதுவே இயல்பாகப் பொருந்தும்.

எஃப்எல் ஸ்டூடியோவின் பூர்விகம் வேறு. 1997-இல் பெல்ஜியத்தில் டிடியே டாம்ப்ராங் அதை எழுதியபோது அதன் பெயர் ஃப்ரூட்டிலூப்ஸ். அப்போது அது ஒரு சின்ன டிரம் மெஷின், அவ்வளவே. ரோலண்ட் நிறுவனம் 1980-இல் விற்ற டிஆர்-808 டிரம் மெஷினில் வரிசையாக 16 பட்டன்கள் இருக்கும். ஃப்ரூட்டிலூப்ஸின் திரையிலும் அதே 16 கட்டங்கள். 1, 5, 9, 13 ஆகிய கட்டங்களில் கிக்கைப் போடுங்கள். 5, 13-இல் கைத்தட்டல். 3, 7, 11, 15-இல் ஹை-ஹாட். டெம்போ 120. ஒரு கட்டம் 125 மில்லிநொடி, 16 கட்டமும் சுற்றிவர இரண்டு நொடி. பத்து க்ளிக்கில் உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து ஹவுஸ் இசையின் எலும்புக்கூடு கேட்கத் தொடங்கிவிடும். இவ்வளவு சீக்கிரம் ஒரு புதியவரைச் சிரிக்க வைக்கும் மென்பொருள் எனக்குத் தெரிந்து வேறில்லை. ஆபத்தும் அங்கேதான். அந்த இரண்டு நொடி நன்றாக இருக்கிறதே என்று அதையே சுற்றவிட்டு, ஹை-ஹாட்டை மாற்றி மாற்றி ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பவர்கள் ஏராளம். பாட்டு நீளாது. 16 என்பது நாலுக்கு நாலான ஆதி தாளத்துக்குச் சௌகரியம். மிஸ்ர சாபு வேண்டுமென்றால் அந்த வரிசையை 14 கட்டமாகச் சுருக்கி, மூன்றும் நாலுமாக நீங்களே பிரித்துக்கொள்ள வேண்டும். முடியும். ஆனால் மென்பொருள் தானாக உங்களை அந்தப் பக்கம் அழைத்துப்போகாது.

ஏபிள்டன் லைவ் மேடையிலிருந்து வந்தது. பெர்லினில் மோனோலேக் என்ற பெயரில் டெக்னோ வாசித்துக்கொண்டிருந்த கெர்ஹார்ட் பெலஸும் ராபர்ட் ஹென்கேயும் அதன் பின்னணியில் இருந்தவர்கள். முதல் பதிப்பு 2001. அதன் செஷன் வியூவில் காலக்கோடே கிடையாது. கட்டம் கட்டமாக லூப்புகள் நிற்கும், எதைத் தொடுகிறீர்களோ அது அடுத்த தாளக்கட்டின் தொடக்கத்தில் மற்றவற்றோடு சேர்ந்துகொள்ளும். எட்டு லூப் கையில் இருந்தால் அவற்றைத் தட்டித் தட்டியே பாட்டின் வடிவத்தைக் கண்டுபிடிக்கலாம். பிடித்துப்போனால் அதையே காலக்கோட்டில் பதிந்துகொள்ளலாம். லூப்பிலேயே சிக்கிக்கொள்கிறவர்களுக்கு எனக்குத் தெரிந்த நல்ல மருந்து இது.

டிராக்கர் என்று ஒரு வகை இருக்கிறது. 1987-இல் கார்ஸ்டன் ஓபார்ஸ்கி அமிகா கம்ப்யூட்டருக்கு எழுதிய அல்டிமேட் சவுண்ட்டிராக்கர் அதன் ஆதி. அமிகாவின் ஒலிச் சில்லில் நான்கு சானல்கள்தான், அதனால் திரையிலும் நான்கு பத்திகள். சுரங்கள் எண்ணும் எழுத்துமாக மேலிருந்து கீழே உருளும். பார்த்தால் கணக்குப் பேரேடு. இன்றும் ஓப்பன்எம்பிடி இலவசமாகக் கிடைக்கிறது, ஓட்டை உடைசல் கம்ப்யூட்டரிலும் ஓடும். சாம் ஆரன் உருவாக்கிய சோனிக் பையில் இசையை நிரலாகவே எழுதலாம்: ஒரு சுரம், அரை நொடி பொறு, அடுத்த சுரம். பள்ளிப் பிள்ளைகளுக்கு நிரலாக்கம் சொல்லித்தரவும் அது பயன்படுகிறது. ஏற்கெனவே கோடு எழுதத் தெரிந்தவர்கள் முதலில் இதைத் திறந்துபார்க்கலாம். ஆடாசிட்டியை மட்டும் இந்தக் கூட்டத்தில் சேர்க்க வேண்டாம். இலவசம் என்று பலரும் அதில்தான் தொடங்குகிறார்கள். ஒலியை வெட்டவும் ஒட்டவும் சுத்தம் செய்யவும் அது அருமையான கருவி, ஆனால் கீபோர்டில் வாசித்து இசை கட்ட அது தோதுப்படாது.

நம் இசையைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மேலே சொன்ன மென்பொருள்களில் பெரும்பாலானவை மிடி மொழியில் பேசுகின்றன. 1983-இல் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸின் டேவ் ஸ்மித்தும் ரோலண்டின் இகுடாரோ ககேஹாஷியும் முன்னின்று உருவாக்கிய ஏற்பாடு இது. மிடியில் ஒலி கிடையாது, கட்டளை மட்டுமே. எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தி, எப்போது. நடு ச 60 என்றால் சுத்த ரிஷபம் 61, சாதாரண காந்தாரம் 63, சுத்த மத்யமம் 65. எல்லாம் முழு எண்கள். ஆனால் தோடியின் காந்தாரம் 63-இல் போய் நிற்கிற ஆசாமி அல்ல. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டே இருப்பதுதான் அதன் உயிர். கீபோர்டின் ஒரு கட்டையை அழுத்தி அதைக் கொண்டுவர முடியாது.

மிடியில் இதற்கு பிட்ச் பெண்ட் என்ற தனிக் கட்டளை இருக்கிறது. 16,384 படிகள், வழக்கமான எல்லை மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு அரைச்சுரம். 63-லிருந்து இரண்டு கீழே போனால் 61, இரண்டு மேலே போனால் 65. தோடிக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறதே என்று தோன்றும். சிக்கல் என்னவென்றால், பிட்ச் பெண்ட் ஒரு சானலில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் சேர்த்து அசைக்கும். அதே சானலில் ச-வும் ப-வும் சுருதியாக நின்றால் அவையும் கூடவே ஆடும். ஒவ்வொரு சுரத்துக்கும் தனிச் சானல் கொடுக்கும் எம்பிஇ என்ற நீட்டிப்பு 2018-இல்தான் அதிகாரப்பூர்வமானது. லாஜிக், க்யூபேஸ், பிட்விக், 2021-இல் வந்த லைவ் 11 ஆகியவற்றில் இது உண்டு. எஃப்எல் ஸ்டூடியோவின் பியானோ ரோலில் ஸ்லைடு நோட் என்று ஒரு வசதி இருக்கிறது. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் ஜாருவுக்கு அது போதும், ஆனால் எஃப்எல்லின் சொந்த வாத்தியங்களில்தான் வேலை செய்யும். சுருதி இடைவெளிகளையே மாற்றிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு 2024-இல் வந்த லைவ் 12-இல் வழி இருக்கிறது. சர்ஜ் எக்ஸ்டி என்ற இலவச சிந்தசைசரிலும் இருக்கிறது, அதைப் பெரும்பாலான மென்பொருள்களுக்குள் ப்ளக்-இன்னாகப் போட்டுக்கொள்ளலாம்.

கருவியின் வழுக்கலும் ராகமும் சந்தித்த கதை ஒன்று பம்பாயில் நடந்திருக்கிறது. பேஸ் வாசிக்க ஆள் இல்லாத கிட்டார்காரர்களுக்காக ரோலண்ட் விற்ற டிபி-303 பெட்டியை வாங்கி, 808-இன் தாளத்தோடு சேர்த்து, இந்தித் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங் 1982-இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு ஆல்பம் போட்டார். 303-இல் சுரங்களுக்கு இடையே வழுக்கும் வசதி இருந்தது. ஆல்பம் விலைபோகவில்லை. அதே பெட்டியை 1987-இல் சிகாகோவின் ஃப்யூச்சர் குழு பயன்படுத்தி ஆசிட் ஹவுஸ் என்ற வகைக்கே பிள்ளையார் சுழி போட்டது. சரண்ஜித் சிங்கின் ஆல்பம் 2010-இல் மறுபடி வெளியானபோதுதான் அவர் முந்திக்கொண்டது உலகத்துக்குத் தெரிந்தது.

இனி கம்ப்யூட்டர். மென்பொருளைக் குறை சொல்லும் பாதிப் புகார்கள் உண்மையில் லேட்டன்சி பற்றியவை: கட்டையைத் தட்டினால் சத்தம் தாமதமாக வருகிறது. கம்ப்யூட்டர் ஒலியை ஒவ்வொரு மாதிரியாகக் கணக்கிட்டு அனுப்புவதில்லை, பஃபர் என்ற குடத்தில் பிடித்து அனுப்புகிறது. குடம் சின்னதென்றால் உடனே நிரம்பிப் போய்ச் சேரும், ஆனால் அடிக்கடி பிடிக்க வேண்டும்; ஒரு தடவை பிந்தினாலும் ஸ்பீக்கரில் பட்டென்று வெடிக்கும். 256 மாதிரி பஃபர் என்றால் 5.8 மில்லிநொடி. அதற்குள் எல்லா டிராக்கும், எல்லா எஃபெக்டும் கணக்கிட்டு முடிந்தாக வேண்டும். 1,024 என்றால் 23 மில்லிநொடி; காற்றில் ஒலி போகும் வேகத்தில் சொன்னால், ஸ்பீக்கரை எட்டு மீட்டர் தள்ளி வைத்துக்கொண்டு வாசிப்பதுபோல. வாசிக்கும்போது 128 அல்லது 256, மிக்ஸ் செய்யும்போது 1,024 என்று மாற்றிக்கொள்வதுதான் நடைமுறை. விண்டோஸில் இதற்கு ஆசியோ டிரைவர் வேண்டும். அது இல்லாமல் வாசித்துப் பார்த்துவிட்டு மென்பொருளைத் திட்டக் கூடாது. ப்ளூடூத் ஹெட்போன் வேண்டவே வேண்டாம். அதன் தாமதம் சர்வசாதாரணமாக 100 மில்லிநொடியைத் தாண்டும், எந்த செட்டிங்கும் அதைக் காப்பாற்றாது. வயர் வைத்த சுமாரான ஹெட்போன், விலையுயர்ந்த ப்ளூடூத்தைவிட இங்கே மேல்.

லாஜிக் ஆப்பிளில் மட்டும்தான் ஓடும். 2002-இல் அதை உருவாக்கிய எமாஜிக் நிறுவனத்தை ஆப்பிள் வாங்கியதிலிருந்து அப்படி. ஏ. ஆர். ரஹ்மான் லாஜிக்கில் வேலை செய்கிறார் என்பதற்காகக் கடன் வாங்கி மேக் வாங்கத் துடிக்கிற பிள்ளைகளை எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஏற்கெனவே மேக்கோ ஐபோனோ இருந்தால் கராஜ்பேண்டில் தொடங்குங்கள், அதன் ப்ராஜெக்டுகளை லாஜிக் பின்னால் அப்படியே திறக்கும். கையில் இருப்பது ஆண்ட்ராய்டு போன் மட்டும்தான் என்றால், சிங்கப்பூர் நிறுவனத்தின் பேண்ட்லேப் இலவசம், பிரவுசரிலும் ஓடும். லினக்ஸ் என்றால் பிட்விக், ரீப்பர், ஆர்டோர். எல்எம்எம்எஸ் இலவசம், எஃப்எல்லின் சாயலில் இருக்கும். ஆனால் அதன் 1.2 பதிப்பில் மைக் வைத்துக் குரல் பதிய முடியாது என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

காசு விஷயத்தில் விலைப்பட்டியலைவிடச் சோதனைப் பதிப்பின் நிபந்தனைகள் முக்கியம். எஃப்எல்லின் சோதனைப் பதிப்புக்குக் காலக்கெடு கிடையாது, சேமிக்கவும் விடும். ஆனால் சேமித்ததை மறுபடி திறக்க வேண்டுமென்றால் வாங்கியாக வேண்டும். ஒருமுறை வாங்கிவிட்டால் அடுத்தடுத்த பதிப்புகள் ஆயுள் முழுக்க இலவசம். வினாம்ப் என்ற பாட்டு ப்ளேயரை எழுதிய ஜஸ்டின் ஃப்ராங்கலின் ரீப்பர் 60 நாள் முழு வசதியோடு ஓடும், தனிநபர் உரிமம் 60 டாலர். காசு கொடுத்து வாங்கும் பெரிய மென்பொருள்களில் மிக மலிவானவற்றில் அது ஒன்று. திரை வறட்டுத்தனமாக இருக்கும், கூடவே வாத்தியங்கள் அதிகம் வராது. சர்ஜ், வைட்டல் மாதிரி இலவச சிந்தசைசர்களை நீங்களே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

க்ராக் எனப்படும் திருட்டுப் பதிப்பு பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பென் டிரைவில் கைமாறுவது பெரும்பாலும் அதுதான். 2019-இல் ஈசெட் பாதுகாப்பு நிறுவனம் லவுட்மைனர் என்ற தீநிரலைக் கண்டுபிடித்தது. திருட்டு ஏபிள்டன் லைவ் போன்ற இசை மென்பொருள்களோடு ஒட்டிக்கொண்டு வந்து, உங்கள் கம்ப்யூட்டருக்குள் ஒரு மெய்நிகர் லினக்ஸைக் கிளப்பி, கிரிப்டோ நாணயம் தோண்டும். இசை மென்பொருளைக் குறிவைத்ததில் கணக்கு இருக்கிறது. அந்த ஆட்களின் கம்ப்யூட்டர் கொஞ்சம் பலமானதாக இருக்கும், ப்ராசஸர் திணறினாலும் ப்ளக்-இன் கனம் போலிருக்கிறது என்று விட்டுவிடுவார்கள்.

என்னைக் கேட்டால், இரண்டைத் தரவிறக்கி ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு நிமிடப் பாட்டை முடித்துப் பாருங்கள் என்பேன். முடித்து, அதாவது தொடக்கம் முடிவு எல்லாம் வைத்து. எதில் கை தானாகப் போகிறதோ அதை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிடுங்கள். அக்கம்பக்கத்தில் யாராவது ஒரு மென்பொருளை நன்றாகக் கையாள்கிறார் என்றால், சந்தேகம் கேட்க ஆள் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகவே அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

பின்னால் மனசு மாறினால்? ஒரு மென்பொருளின் ப்ராஜெக்ட் கோப்பை மற்றொன்று பொதுவாகத் திறக்காது. 2023-இல் பிட்விக், ப்ரீசோனஸ் என்ற இரண்டு நிறுவனங்கள் சேர்ந்து டாவ்ப்ராஜெக்ட் என்ற பொது வடிவத்தைக் கொண்டுவந்தன, ஆனால் எல்லாரும் இன்னும் அதில் சேரவில்லை. அதுவரை, முடிந்த ஒவ்வொரு பாட்டிலும் எல்லா டிராக்கையும் முதல் தாளக்கட்டிலிருந்தே தொடங்கும்படி 24 பிட் வேவ் கோப்புகளாகத் தனித்தனியே எக்ஸ்போர்ட் செய்துவையுங்கள், மிடியையும் கூடவே. டெம்போவைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள். 98-ஆ 102-ஆ என்று மூன்று வருடம் கழித்துக் காதால் கண்டுபிடிப்பது சள்ளை பிடித்த வேலை.